தாளம் கொடுத்த ஊர்

ஸ்வீடன் தேசத்துத் தலைநகரமான ஸ்டாக்ஹோமுக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் சில காரியங்கள் செய்வார்கள். 1628-ம் வருஷம் முதல் பிரயாணத்திலேயே, துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் கவிழ்ந்து மூழ்கிய 'வாஸா' என்ற கப்பலைப் பார்ப்பார்கள். (முந்நூறு வருஷத்துக்கு மேல் தண்ணீருக்கடியில் கிடந்ததை 1961-ல் மேலே தூக்கி, அதற்கென்று ஒரு மியூசியமே கட்டி வைத்திருக்கிறார்கள். மிதந்த கப்பலுக்குக்கூட இத்தனை மரியாதை கிடைத்திராது!) நோபல் விருந்து நடக்கும் நகர மண்டபத்தில் 'நீல மண்டபம்' எங்கே என்று கேட்டுக் கொண்டு போய், அது செங்கல் சிவப்பாக இருப்பதைக் கண்டு விழிப்பார்கள். பழைய ஊரின் குறுகலான சந்துகளில் ஏறி இறங்கிக் கால் வலித்ததும், ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, பட்டைப்பொடி தூவிச் சுருட்டிய இனிப்பு ரொட்டியைத் தின்பார்கள்.

நீங்கள் போனாலும் இதெல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது இருதயத் துடிப்பு தாறுமாறாகி, 'பேஸ்மேக்கர்' என்னும் சின்னப் பெட்டியை மார்பில் வைத்திருந்தால், அல்லது வைத்துக் கொள்ளும்படி டாக்டர் வற்புறுத்திக் கொண்டிருந்தால், அரை நாளை மிச்சம் பிடித்து ஸோல்னாவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஸ்டாக்ஹோமின் வடக்கு ஓரத்தில் ஒட்டிக் கொண்டிருக்கும் ஊர் அது. அங்கே உள்ள கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில்தான், 1958-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி, உலகத்திலேயே முதல் தடவையாக ஒரு மனிதரின் உடம்புக்குள் முழு பேஸ்மேக்கரையும் வைத்துத் தைத்தார்கள்.

நான் போனது என் பெரியம்மாவுக்குத் துணையாக. பெரியம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. அவளுடைய பிள்ளை, எனக்கு அண்ணன், ஸ்டாக்ஹோமில் 'ஷிஸ்தா' என்னும் பேட்டையில் குடியிருக்கிறான். (எழுதுவது 'கிஸ்டா', சொல்வது 'ஷிஸ்தா'. அந்த ஊரில் பாதிப் பெயர்கள் இப்படித்தான்.) டெலிபோன் கம்பெனிகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் நிறைந்த இடமாகையால், சாயங்கால வேளையில் கடைத்தெருவில் தமிழ்க் குரல் காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

பெரியம்மாவுக்கு பேஸ்மேக்கர் வைத்து ஒன்பது வருஷமாகிறது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் சென்னையில் பரிசோதனைக்குப் போனபோது, "பாட்டரி இன்னும் ஒரு வருஷம் வரும், அதற்குள் புதிது வைத்து விடலாம்" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா சொன்னாள்: "இன்னொண்ணு வேண்டாம். பாட்டரி எத்தனை நாள் ஓடுகிறதோ, அத்தனை நாள் நானும் ஓடுகிறேன்." அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரையும் எடுக்க விடவில்லை. அண்ணன் அவளை ஊருக்கு வரவழைத்ததில் இந்தக் கவலைக்கும் பங்கு உண்டு.

விமானப் பிரயாணத்தைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். எங்களுக்கும் இருந்தது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு அடையாள அட்டை கொடுப்பார்கள். அதைக் கைப்பையில் மேலாக வைத்துக் கொண்டால் போதும். விமான நிலையத்தில் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் வாசலை நிற்காமல் சாதாரணமாக நடந்து கடந்தால் கருவிக்கு ஒன்றும் ஆகாது. வாசலுக்கு நடுவில் நின்று கொண்டு புடவையைச் சரி செய்யக் கூடாது, அவ்வளவுதான். கையில் பிடித்துத் தடவும் கோலை மட்டும் மார்புக்கு நேரே வைத்துக் கொண்டு நிற்க வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும். சென்னையில் பெரியம்மா அட்டையைக் காட்டினாள். மறைப்புக்குள் இருந்த போலீஸ்காரப் பெண் கையால் பரிசோதித்துவிட்டு, "எங்க அம்மாவுக்கும் வைக்கச் சொல்லியிருக்காங்கம்மா. வலிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாளாம். பின்னால் வரிசை நீண்டு கொண்டிருக்க, உள்ளே ஐந்து நிமிஷம் சம்பாஷணை நடந்தது.

வெளியே இப்படியென்றால், அண்ணன் வீட்டுக்குள்ளே கட்டுப்பாடு பலமாக இருந்தது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மைகளை எல்லாம் அண்ணி பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டு மூடியிருந்தாள். மிக்ஸி அலமாரிக்குப் போய்விட்டது. தலை உலர்த்தும் கருவியையும் காணோம். உண்மையில் மிக்ஸி, கிரைண்டர், டெலிவிஷன், குளிர்பெட்டி எதற்கும் பயப்பட வேண்டியதில்லை. கருவி உலோக உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. வேண்டாத மின்சாரச் சலசலப்பை அது வடிகட்டி விடும். காந்தத்தை நெஞ்சின்மேல் வைத்துக் கொள்ளக் கூடாது, அதுதான் விதி. கைப்பையில் காந்தப் பொத்தான் இருந்தால் அதை இடுப்பில் இடுக்கலாம், மார்போடு அணைக்கக் கூடாது. கைப்பேசியைப் பெட்டிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, வலது காதில் பேசினால் சரி. இரவிக்கைக்குள் செருகிக் கொள்ளும் வழக்கமுள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும். முக்கியமாக, 2020-க்குப் பிறகு வந்த போன்கள் சிலவற்றின் முதுகில் காந்த வளையமே வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் அண்ணியின் பயம் நியாயமானது. ஸ்வீடனில் எரிவாயு அடுப்பு அபூர்வம். அண்ணன் வீட்டில் இருப்பது இண்டக்ஷன் அடுப்பு. அது காந்த சக்தியால் பாத்திரத்தைச் சூடாக்குவது. அதற்கும் பேஸ்மேக்கருக்கும் இடையே இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர், இருக்க வேண்டுமென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். ரசம் கொதிக்கிறதா என்று குனிந்து முகர்ந்து பார்க்கிற வித்தை அந்த அடுப்பில் செல்லாது. பெரியம்மா இதற்குக் கண்டுபிடித்த பரிகாரம், சமையலறை வாசலில் ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்தபடி, "பெருங்காயம் போடு, இறக்கு, இறக்கு!" என்று அவள் தொலைவிலிருந்தே சமைத்தாள். இரண்டடி தூரத்தை மிகவும் அனுபவித்தவள் அவள்தான் என்று எனக்குத் தோன்றியது. அண்ணியின் அபிப்பிராயம் வேறாக இருக்கலாம்.

*

பெரியம்மாவுக்கு வந்தது என்ன வியாதி என்பதைச் சொல்ல வேண்டும். இருதயத்தில் வலது பக்கத்து மேல் அறையில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அதுதான் இயற்கை வைத்த பேஸ்மேக்கர். ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை மின்சாரச் சமிக்ஞை கொடுப்பது அதன் வேலை. அந்தச் சமிக்ஞை நடுவில் உள்ள இன்னொரு முடிச்சின் வழியாகக் கீழ் அறைகளுக்குப் போக வேண்டும். நாட்டியத்தில் நட்டுவனார் தாளம் தட்டுகிறார், மேடையில் பெண் ஆடுகிறாள் அல்லவா? அதைப் போல. நட்டுவனார் சரியாகத்தான் தட்டுகிறார், ஆனால் சத்தம் மேடைக்குக் கேட்கவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆடுகிறவள் தன்னிஷ்டத்துக்கு மெதுவாக ஒரு அடி வைப்பாள், சமயத்தில் அப்படியே நின்று விடுவாள். அவள் நிற்கிற சில விநாடிகளில் மூளைக்கு ரத்தம் போகாது. ஆள் கீழே விழுந்து விடுவார்.

பெரியம்மா முதலில் விழுந்தது தோசைக்கல்லுக்கு முன்னால். "பித்த மயக்கம்" என்றார்கள். இரண்டாவது தடவை விழுந்தபோது "சரியாகச் சாப்பிடுவதில்லை" என்றார்கள். மூன்றாவது தடவை மாடிப்படியில். அப்பொழுதுதான் ஒரு டாக்டர், இருபத்துநாலு மணி நேரம் இருதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை உடம்பில் மாட்டி அனுப்பினார். நள்ளிரவில் ஐந்து விநாடி நேரம் அவளுடைய இருதயம் சும்மா இருந்தது தெரிந்தது. பெண்பிள்ளைகள் மயங்கி விழுந்தால் அதற்கு வீட்டில் கைவசம் நாலைந்து காரணங்கள் தயாராக இருக்கின்றன. இருதயம் அந்த ஜாபிதாவில் கடைசியில்தான் வருகிறது. திடீரென்று, காரணமில்லாமல், முன்னறிவிப்புமில்லாமல் மயக்கம் வந்தால், காப்பி கொடுத்து எழுப்பிவிட்டதோடு விடாதீர்கள்.

கருவி வைத்தபின் மயக்கம் வரவே இல்லை. ஆனால் நாலு வருஷம் கழித்து, பரிசோதனையின்போது, அந்தப் பெட்டியே இன்னொரு செய்தியைச் சொல்லிற்று. இன்றைய பேஸ்மேக்கர் துடிப்பைக் கொடுப்பதோடு நிற்காமல், கணக்குப் பிள்ளை மாதிரி குறிப்பும் எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பில், சில நாட்களில் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமே படபடத்துக் கொண்டிருந்ததாக இருந்தது. சபையில் முந்நூறு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு தாளம் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி. இதை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிறார்கள். ரத்தம் அந்த அறையில் தேங்கிக் கட்டி தட்டி, அது மூளைக்குப் போனால் பக்கவாதம். பேஸ்மேக்கர் இதைக் குணப்படுத்தாது. அதற்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தனியே சாப்பிட வேண்டும். பலபேர், "அதுதான் பெட்டி இருக்கிறதே!" என்று மாத்திரையை நிறுத்தி விடுகிறார்கள். பெட்டியின் வேலை வேறு, மாத்திரையின் வேலை வேறு.

*

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், நல்ல வெயில். நல்ல வெயில் என்றால் அந்த ஊர்க் கணக்கில். பெரியம்மா புடவைக்கு மேல் கம்பளிச் சட்டையும், அதற்கு மேல் அண்ணியின் நீண்ட கோட்டும் அணிந்து, காலில் மேஜோடும் பூட்ஸுமாக ரயிலேறினாள். ஷிஸ்தாவில் ரயில் நிலையம் தரைக்கு மேலே இருக்கிறது. சிறிது தூரம் போனதும் வண்டி பாறைக்குள் நுழைந்து விடுகிறது. ஸ்டாக்ஹோம் கெட்டிக் கருங்கல்லின்மேல் கட்டிய ஊர். நிலையங்களை அந்தப் பாறையிலேயே குடைந்து, சுவரை வழவழப்பாக்காமல் குகை மாதிரியே விட்டு, அதன்மேல் சித்திரம் எழுதியிருக்கிறார்கள். ஸோல்னா சென்ட்ரும் நிலையத்தில் இறங்கினீர்களானால் திடுக்கிட்டுப் போவீர்கள். கூரையெல்லாம் ரத்தச் சிவப்பு. அதன் அடியில் நெடுகப் பச்சைக் காடு. 1970-களில் காடும் கிராமமும் அழிவதைப் பற்றி இரண்டு ஓவியர்கள் எழுதிய சித்திரம் அது. பெரியம்மா நகரும் படிக்கட்டில் மேலே போகும்போது அண்ணாந்து பார்த்து, "எங்கேயடி கூட்டிக்கொண்டு வந்தாய்? யாருடைய வயிற்றுக்குள்ளோ இருக்கிற மாதிரி இருக்கிறதே!" என்றாள்.

அங்கிருந்து பஸ்ஸில் சிறிது தூரம். கரோலின்ஸ்காவில் இப்பொழுது நோயாளிகளுக்குப் புதிய கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. பழைய ஆஸ்பத்திரி 1940-ல் திறந்தது. செங்கல் கட்டடம். படாடோபம் ஒன்றுமில்லை, நீளமாக, அமைதியாக, நம் ஊரில் பழைய காலேஜ்கள் இருப்பது போல் இருக்கிறது. வழியில் ரோவன் மரங்களில் சிவப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின. பிர்ச் மரங்கள் மஞ்சளாகிக் கொண்டிருந்தன. ஓரிடத்தில் பெஞ்சு அகப்பட்டது. பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பெரியம்மாவுக்கு ஆர்னே லார்ஸன் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லுகிறேன்.

லார்ஸன் ஒரு இன்ஜினீயர். 1958-ல் அவருக்கு வயது 43. வைரஸ் கிருமியால் இருதயம் பழுதுபட்டு, பெரியம்மாவுக்கு வந்த அதே கோளாறு, ஆனால் பல மடங்கு கடுமையாக வந்தது. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை இருதயம் நின்று, நினைவு தப்பும். ஒவ்வொரு தடவையும் யாராவது உயிர்ப்பிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தக் காலத்து மருந்துகள் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். காப்பியின் சத்தைக் கொடுத்தார்கள். விஸ்கிகூடக் கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

வெளியிலிருந்து இருதயத்துக்கு மின்சாரத் தூண்டுதல் கொடுக்கும் பெட்டிகள் அதற்குள் அமெரிக்காவில் வந்திருந்தன. ஆனால் கம்பி தோலைத் துளைத்துக் கொண்டு போக வேண்டும். அந்தத் துவாரத்தின் வழியே கிருமி நுழைந்து விடும். முழுவதையும் உள்ளே வைத்து மூடினால் என்ன என்று ஸோல்னாவில் இரண்டு பேர் யோசித்துக் கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓக்கே சென்னிங் என்னும் இருதய ரண சிகிச்சை நிபுணர். மற்றவர் ரூனே எல்ம்க்விஸ்ட். இவர் வைத்தியத்துக்குப் படித்துவிட்டு இன்ஜினீயரானவர். இருதயத் துடிப்பை மையைப் பீய்ச்சி எழுதும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர். இருவரும் மிருகங்களிடம் பரீட்சை செய்து கொண்டிருந்தார்களே தவிர, மனிதருக்கு வைக்கும்படியான கருவி எதுவும் தயாராக இல்லை.

இந்தச் சமயத்தில்தான் திருமதி எல்ஸே மரீ லார்ஸன் வந்து சேர்ந்தார். ஏதோ இப்படி ஒரு ஆராய்ச்சி நடக்கிறதென்று அவர் காதில் விழுந்தது. சென்னிங்கிடம் போனார். கருவி இல்லையே என்று அவர் சொன்னால், செய்யுங்கள் என்றார். எல்ம்க்விஸ்டிடம் போனார். அவருக்கு இதில் பெரிய நம்பிக்கையே கிடையாது. தொழில் நுட்பத்தில் ஒரு விநோதம் என்றுதான் அவர் எண்ணியிருந்தார். திருமதி லார்ஸன் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கும் எல்ம்க்விஸ்டின் தொழிற்கூடத்துக்குமாக மாற்றி மாற்றி நடந்தார். கடைசியில் அந்த இருவரும் இணங்கினார்கள். மறுத்துப் பார்த்து முடியாமல் இணங்கினார்கள் என்றே சரித்திரம் சொல்லுகிறது.

"அதெப்படி முடியும்? நாளைக்கு முப்பது தடவை சாகிறவனைப் பார்த்துக் கொண்டு வீட்டில் சும்மா உட்காருவாளா?" என்றாள் பெரியம்மா.

எல்ம்க்விஸ்ட் இரண்டு கருவிகள் செய்தார். இரண்டு டிரான்ஸிஸ்டர்கள், கொஞ்சம் கம்பி, மறுபடி மறுபடி மின்சாரம் ஏற்றக் கூடிய பாட்டரி. உடம்புக்கு வெளியே ஒரு கம்பிச் சுருளை வைத்து, தோலின் வழியாகவே மின்சாரம் ஏற்ற ஏற்பாடு. எல்லாவற்றையும் பிசினில் பதித்து வார்க்க அச்சு வேண்டுமே? பூட்ஸ் பாலிஷ் டப்பா ஒன்றை எடுத்து, அதில் ஊற்றி இறுக வைத்தார்! சுமார் 55 மில்லிமீட்டர் குறுக்களவு, 16 மில்லிமீட்டர் கனம். வேலை நேரம் முடிந்து ரண சிகிச்சைப் பகுதி காலியான பிறகு, மாலையில், சென்னிங் மார்பைத் திறந்து அதைப் பொருத்தினார்.

சில மணி நேரத்தில் அது நின்று விட்டது. கையிருப்பில் இருந்த இரண்டாவதை வைத்தார்கள். அதுவும் நெடுநாள் உழைக்கவில்லை. ஆனால் லார்ஸன் பிழைத்துக் கிடந்தார். 1960-களின் தொடக்கத்தில் மேலான கருவி கிடைக்கும்வரை எப்படியோ தள்ளினார். அப்புறம் ஒன்று பழுதானால் இன்னொன்று, கம்பி அறுந்தால் வேறு கம்பி. இப்படியாக அவர் வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர்கள்.

"எத்தனை?"

"இருபத்தாறு."

பெரியம்மா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "இருபத்தாறு தடவையா கத்தி வைத்தார்கள்? அந்த மனுஷன் அலுத்துக் கொள்ளவே இல்லையா?"

அலுத்துக் கொண்டதாகத் தெரியவில்லை. வேலைக்குப் போனார். ஊர் ஊராகப் பிரயாணம் செய்தார். தம்மைப் போன்ற நோயாளிகளுக்காகப் பேசினார். எல்ம்க்விஸ்ட் 1996-லும் சென்னிங் 2000-த்திலும் காலமானார்கள். அவர்கள் காப்பாற்றிய நோயாளி அவர்கள் இருவருக்கும் பிறகும் இருந்தார்.

லார்ஸனுக்கு அத்தனை கருவிகள் தேவைப்பட்டது அந்தக் காலத்துப் பாட்டரியின் தோஷம். நடுவிலே, 1970-ல், பாரிஸில் புளுட்டோனியத்தையே பாட்டரியாக வைத்துப் பார்த்தார்கள் என்றால் பாருங்களேன்! 1972-ல் லித்தியம் பாட்டரி வந்தபின் நிலைமை மாறியது. இப்பொழுது ஒரு கருவி எட்டு முதல் பன்னிரண்டு வருஷம் வரை ஓடுகிறது. எடை இருபது முப்பது கிராம்தான். அந்த முதல் கருவி வேண்டுமோ வேண்டாமோ, ஒரே வேகத்தில் தட்டிக் கொண்டிருந்தது. இன்றைய கருவி இருதயத்தை ஒட்டுக் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, அது தாளம் தப்பினால் மட்டும் ஒரு தட்டுத் தட்டுகிறது. இரத்தக் குழாய் வழியாகவே செலுத்தி இருதயத்துக்குள் விட்டுவிடுகிற, மாத்திரைக் குப்பி அளவேயான, கம்பியில்லாத கருவிகூட வந்து விட்டது. அது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. பாட்டரி திடீரென்று அணைந்து போவதுமில்லை. சில மாதங்கள் முன்னதாகவே எச்சரிக்கை காட்டும். மாற்றும்போது பெட்டியை மட்டும் எடுத்துவிட்டு, நல்ல நிலையில் இருந்தால் பழைய கம்பிகளிலேயே புதியதை மாட்டி விடுகிறார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்வது. சாதாரணமாக ஒரு மணி நேர வேலை.

இவ்வளவும் சொன்னேன். பெரியம்மா கேட்டுக் கொண்டாள். ஆனால் பதில் சொல்லவில்லை.

*

கரோலின்ஸ்காவுக்கு வடக்கே பெரிய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஆல்பிரட் நோபல் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். வெடி மருந்தான நைட்ரோகிளிசரினால் பணக்காரரான அந்த மனிதருக்குக் கடைசிக் காலத்தில் இருதய வலி வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? அதே நைட்ரோகிளிசரின்! இந்த வேடிக்கையை நோபலே 1896-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த வருஷம் டிசம்பரில் காலமானார். வைத்தியத்துக்கான நோபல் பரிசை வருஷந்தோறும் அக்டோபரில் முடிவு செய்வது இதே கரோலின்ஸ்காவைச் சேர்ந்த நிபுணர்கள்தாம். இருதயத்தின் மின்சாரத்தைப் படமெடுக்க வழி கண்ட ஐந்தோவனுக்கு 1924-ல் கொடுத்தார்கள். இரத்தக் குழாய் வழியே இருதயத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தியவர்களுக்கு 1956-ல் கொடுத்தார்கள். பேஸ்மேக்கருக்கு மட்டும் இதுவரை கொடுக்கவில்லை. சொந்த வாசலில் பிறந்த குழந்தையை அவர்கள் இப்படி விட்டிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

தோட்டத்தில் நடக்கும்போது பெரியம்மா நின்றாள். "உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவனிடம் சொல்லாதே" என்றாள். அவன் என்றால் அண்ணன்.

"கேளுங்கள்."

"இந்தப் பெட்டி பாட்டுக்கு உள்ளே அடித்துக் கொண்டே இருக்கிறதே. எனக்கு முடியாமல் போய், போகிற வேளை வந்தால், இது போக விடுமா? எங்கள் அத்தை ஒன்றரை வருஷம் நினைவில்லாமல் கிடந்தாள். நான்தான் பார்த்துக் கொண்டேன். அந்த மாதிரி இழுத்துக் கொண்டு கிடக்க எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் புதிசு வேண்டாமென்றேன்."

ஒன்பது வருஷமாக நாங்கள் எல்லோரும் காந்தத்தையும் கைப்பேசியையும் மிக்ஸியையும் பற்றிக் கவலைப்பட்டுக் கொண்டிருந்தோம். அவள் மனத்தில் இருந்தது இது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மனத்திலும் இருக்கலாம். ஆகையால் டாக்டர்கள் சொல்லுவதை இங்கே எழுதி வைக்கிறேன். பேஸ்மேக்கர் துடிப்பைத் தூண்டுகிற கருவிதான், உயிரைப் பிடித்து வைக்கிற கருவி அல்ல. வயதாலோ வேறு வியாதியாலோ உடம்பு ஓய்ந்து போகும்போது, இருதயத் தசையும் ஓய்ந்து விடும். அப்பொழுது பெட்டி எத்தனை தட்டுத் தட்டினாலும் தசை பதில் சொல்லாது. நட்டுவனார் தாளம் போடலாம், ஆடுகிறவள் போய்விட்ட பிறகு மேடையில் யார் ஆடுவார்கள்? மரணத்தை அது தள்ளிப் போடுவதில்லை, வலியைக் கூட்டுவதுமில்லை. மாறாக, இருதயம் அந்தக் கருவியையே நம்பியிருக்கும்போது பாட்டரியைத் தீர விட்டால் வருவது சுகமான முடிவு அல்ல. பழைய மயக்கமும், விழுந்து எலும்பை முறித்துக் கொள்ளுவதும், மூச்சுத் திணறலும்தான். (கடைசிக் காரியம் தகனமானால், அதற்கு முன் கருவியை எடுத்து விட வேண்டும். நெருப்பில் அது வெடிக்கும். வீட்டில் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.)

"லார்ஸன் எப்படிப் போனான்?" என்று கேட்டாள் பெரியம்மா.

2001-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி, 86-வது வயதில். தோலில் வந்த புற்றுநோயால். இருதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருபத்தாறாவது பெட்டி அவரைத் தடுக்கவில்லை.

பெரியம்மா சிறிது நேரம் மஞ்சள் இலைகளைப் பார்த்துக் கொண்டு நின்றாள். பிறகு, "சரி, குளிருகிறது. அந்தப் பட்டை ரொட்டி இங்கே எங்காவது கிடைக்குமா? இனிப்புக் குறைச்சலாய்" என்றாள்.

கிடைத்தது. இனிப்புத்தான் குறைச்சலாக இல்லை.

தைப் பொங்கல் கழிந்த வாரம் சென்னையில் அவளுக்குப் பாட்டரி மாற்றினார்கள். காலையில் உள்ளே போனவள் மத்தியானம் இட்லி கேட்டாள். மறுநாள் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட இடத்தை அண்ணன் டெலிபோன் படத்தில் பார்த்து, ஸ்டாக்ஹோமிலிருந்தே எதை எதையோ விசாரித்துக் கொண்டிருந்தான். பெரியம்மா அவனை நிறுத்தி, வலது கை விரல்களை மடக்கி எனக்குக் கணக்குச் சொன்னாள்:

"இரண்டு ஆச்சு. அவன் கணக்குக்கு இன்னும் இருபத்துநாலு பாக்கி."